பெடல் மிதிக்க ஒரு ஆள்

பிரேக்கில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒரு சிறிய திருகைத் திறந்து மூட வேண்டும். தனியாகச் செய்ய முடியாத காரியங்கள் உலகத்தில் சில உண்டு. கல்யாணம், கேரம் போர்டு, அப்புறம் இது. முதல் இரண்டுக்கும் ஆள் கிடைக்காததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

வண்டி இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் பிறந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரரோடு கோவளத்துக்கு வந்து, அவர் திரும்பிப் போனபோது ஒரு தென்னை மரத்தடியில் விடப்பட்டது. வயதில் எனக்கு மூத்தது. தனுவச்சபுரம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதை வாங்கினோம். நாலு பேர் சேர்ந்து இரண்டு சீட் வண்டி வாங்கினால் என்ன ஆகும் என்பது வாங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் படித்தது பி.காம்.

இரண்டு பேர் காரில் போவார்கள், இரண்டு பேர் உதியன்குளங்கரை ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். போனவர்கள் திரும்பி வந்ததும் நின்றவர்கள் போவார்கள். நாலு பேரும் சேர்ந்து காரில் போனதே கிடையாது. ஆனால் நாலு பேரும் சேர்ந்து அதை ரிப்பேர் செய்திருக்கிறோம். ஜெனில் டார்ச் பிடிப்பான். வினீத் யூடியூபில் அந்தப் பாகத்தைத் தேடிக்கொண்டே இருப்பான், நாங்கள் வேலையை முடித்த பிறகு கண்டுபிடிப்பான். நான் அடியில் கிடப்பேன். ஜிஜின் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிப்பான். நல்ல நிதானமான கால் அவனுக்கு. ஊர்க்காரர்கள் வண்டிக்குச் சப்பட்டை என்று பெயர் வைத்தார்கள். தரையோடு அவ்வளவு ஒட்டிக் கிடக்கும். எங்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பெயர் வைத்தார்கள். அது இங்கே வேண்டாம்.

பிறகு வினீத் யு.கே. போனான். ஜெனில் கனடா போனான். அங்கே குளிர் தாங்கவில்லை என்று தினமும் எழுதினான், இப்போது எழுதுவதில்லை. பழகியிருக்கும். ஜிஜின் கத்தார். மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவன் நான்தான். ஜங்ஷனில் உள்ள ஸ்டுடியோவில் எனக்கு வேலை. ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு ஸ்டூல். வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "நேரே பாருங்க, சிரிக்காதீங்க" என்பேன். இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போன எல்லாருக்கும் இப்படி ஒரு புத்திமதி சொல்லி அனுப்பியவன் நான். எல்லாரும் அதன்படி நடந்துகொண்டதாகத்தான் தெரிகிறது.

கார் என்னிடம் நின்றது. அம்மாவும் இப்போது இங்கே இல்லை. அக்கா ஜோஸ்னாவுக்குப் பிள்ளை பிறந்ததும் பெங்களூர் போனாள். பிள்ளை தவழட்டும், வருகிறேன் என்றாள். தவழ்ந்தது. நடக்கட்டும் என்றாள். தினமும் போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துவிடுவாள். பிள்ளை என்னைப் பார்க்கும். சிரிக்காது.

வீட்டில் ஆள் இல்லாதவனுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நல்ல துணை. ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். எலி ஒயரைக் கடித்தது, மாற்றினேன். ஏர் ஃபில்டருக்குள்ளே பலாக்கொட்டை சேர்த்து வைத்திருந்தது, எடுத்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தபோது பாறசாலையில் ஆட்டோ ரிக்ஷாவின் கேபிளை வாங்கி வெட்டிப் பொருத்தினேன். அதற்குப் பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டிக்குக் கொஞ்சம் ஆட்டோவின் குணம் வந்தது. கூரைத் துணி கிழிந்ததற்கு, கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் சொல்லித் தைத்தேன். எல்லாம் ஒற்றை ஆள் வேலைகள். பெயின்ட் கொப்புளித்து அடியில் துரு தெரிந்த இடங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டு ஓமனக்குட்டி அக்கா, "பள்ளிக்குப் போவாத பிள்ளைக்கு ஆண்டவர் வேற சோலி குடுத்திருக்காரு" என்பாள். அவளுக்குப் பள்ளி என்றால் சர்ச்.

இப்படி இருக்கும்போதுதான் ஜிஜின் மெசேஜ் அனுப்பினான். கல்யாணம் உறுதியாகிவிட்டது, பெண் பெயர் பிரசீதா, வெள்ளிக்கிழமை காலை பிளைட்டில் வருகிறேன். நான் உடனே எழுதினேன்: "ஏர்போர்ட்டுக்குச் சப்பட்டையில் நான் வாறேன்." அவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

ஏர்போர்ட்டிலிருந்து பைபாஸ் வழியாக ஊருக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அப்புறம் அவன் என் கைக்கு வரமாட்டான். ஜவுளி எடுக்க, பத்திரிகை கொடுக்க, பெண் வீட்டுக்குப் போக என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் இழுப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் பிளைட். நாலு பேரில் ஒருவனோடு ஒரு மணி நேரம். வண்டியில் மூன்றாமவருக்கு இடமே கிடையாது என்பது முதல்முறையாக எனக்கு ஒரு சௌகரியமாகத் தெரிந்தது. என்ன பேச வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன்.

மறுநாள் வண்டியை ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராகத் தரைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது.

பின்சக்கரத்தில் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் கசிந்திருந்தது. ஆன்லைனில் சீல் வரவழைத்து மாட்டினேன். அதுவரை ஒற்றை ஆள் வேலை. ஆனால் கழற்றி மாட்டியதில் பைப்புக்குள் காற்று புகுந்துவிட்டது. பிரேக் ஆயிலில் காற்று இருந்தால் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது, பஞ்சு மாதிரி அமுங்கும். காற்றை எடுத்தே ஆகவேண்டும். பாறசாலை மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"வண்டியை இங்க கொண்டா" என்றார்.

"பிரேக் இல்லண்ணே."

"அப்பம் கொண்டுவராத" என்றார். "அதுக்கு அடியில கேறணும்னா நான் மெலியணும் மக்கா. ஜிஜினுக்க கல்யாணம் கழியட்டு, பாப்போம்."

முதலில் தனியாக முயன்றேன். தோட்டத்திலிருந்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு ஒன்றை ஒடித்து வந்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். ஒடிந்தது. ரப்பர் மரக் கம்பு வைத்தேன். அது ஒடியவில்லை. நான் பின்னால் ஓடித் திருகைத் திறந்ததும் பெடல் இறங்கியது, கம்பு கழன்று விழுந்தது, பெடல் மேலே எழும்பி வெளிக் காற்றை எல்லாம் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. வெளியே எடுத்ததைவிட உள்ளே போனது அதிகம். கத்தாருக்கு வீடியோ கால் செய்யலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். வீடியோ காலில் பெடல் மிதிக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஊரில் என் வயதுக்காரர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை சீக்கிரம் முடிந்துவிட்டது. அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஓமனக்குட்டி அக்காவைக் கூப்பிட்டேன்.

"கார்ல இருந்து பிரேக்கை மிதிக்கணும். அவ்வளவாக்கும்."

"வண்டி ஓடுமா?"

"ஓடாது. நிக்கும்போதே மிதிக்கணும்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்குடே பிரேக்கு?" என்றாள். ஆனாலும் சேலையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள். தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்கு அன்று மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும். மகள் பிஜி மஸ்கட்டில் நர்ஸ். அக்காவுக்கும் வீட்டில் பேச ஒரு கோழிதான் உண்டு.

காருக்குள் இறங்குவது கிணற்றுக்குள் இறங்குவது போல இருந்தது அவளுக்கு. சீட்டில் உட்கார்ந்தால் கால் கீழே தொங்காது, முன்னால் நீளும். பெடல் அங்கேதான் இருக்கிறது. "இது என்னடே, கிடந்துட்டா ஓட்டுவீங்க?" என்றாள். நான் பின்சக்கரத்தருகே படுத்தேன். திருகின் மூக்கில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலுக்குள்.

"மிதிங்க."

"மிதிச்சு."

"பிடிச்சுக்கிடுங்க. விடப்படாது. நான் விடச் சொன்ன பொறவுதான் விடணும்."

"பிடிச்சு."

திறந்தேன். குமிழி குமிழியாக ஆயில் குழாயில் இறங்கியது. மூடினேன். "விடுங்க." "விட்டு." நன்றாகப் போனது. இப்படியே ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்தது. குமிழி மட்டும் தீரவில்லை. எழுந்து வந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு.

"நான் சொன்ன பொறவுதானே விட்டிய?"

"பின்னே? மிதிச்சுப் பிடிச்சேன்லா."

பாறசாலைக்கு பைக்கில் போய் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தேன். மறுபடியும் மிதிங்க, மிதிச்சு, பிடிங்க, பிடிச்சு. மறுபடியும் குமிழி. சீல் சரியில்லையா, பைப்பில் எங்காவது கீறலா என்று அடியில் கிடந்தபடியே ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஜிஜின் வர அதிக நாள் இல்லை. அப்போது முன்பக்கம் பாலையன் மாமாவின் குரல் கேட்டது.

"எந்தரு ஓமனே, காறு வாங்கியா?"

"இல்ல அண்ணா. சும்மா இருக்கேன்."

தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தேன். ஓமனக்குட்டி அக்கா சீட்டில் சம்மணம் போட்டு, சேலையை இழுத்துப் பாதத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். பெடல் தன்பாட்டுக்கு மேலே நின்றது. நான் திறந்து வைத்த திருகு அங்கே காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

பாலையன் மாமா நடந்து போய்விட்டார். அவருக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. மற்ற இடவழிகளில் நாய் இருப்பதால் எங்கள் இடவழியிலேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். எங்கள் வண்டி எப்போதும் மூக்கை இடவழிப் பக்கம் வைத்துத்தான் நிற்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இறக்கத்தில் உருட்டிவிட அதுதான் வசதி.

"அக்கா, காலை ஏன் எடுத்திய?"

"அவரு எனக்க மாப்பிளைக்க அண்ணனாக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கா? அவருக்க மொகத்துக்கு நேர காலை நீட்டிட்டு இருக்க நான் என்ன, போக்கு கெட்டவளா?"

"காலையிலிருந்து அவரு போவும்போ வரும்போ எல்லாம் எடுத்தியளா?"

"எல்லா தடவையும் எடுத்தேன்" என்றாள், ஒரு தடவையும் தவறவில்லை என்ற பெருமையோடு. "பள்ளி உபதேசியாருக்கும் எடுத்தேன். மீன்காரன் வந்தப்பம் எடுக்கல. அவன் நமக்கு இளையவன்."

வண்டியைச் செய்தவர்கள் டயர், ரோடு, மழை எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். புருஷனின் அண்ணன் எதிரே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். அவரிடமே போய்ச் சொன்னேன், இன்றைக்கு மட்டும் வேறு பக்கம் நடக்க முடியுமா என்று. "சர்க்கரை கூடினா நீ வந்து ஊசி போடுவியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். நியாயம்தான்.

வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பினேன். திருப்பியது நானில்லை. மத்தியானத்துக்கு மேல் இடவழி ஓரத்தில் ஓடை வெட்ட வந்த தொழிலுறுதிப் பெண்கள். அக்கா ஒரு குரல் கொடுத்தாள், மண்வெட்டியைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் வந்தார்கள். பிரேக் இல்லாத வண்டியை இடவழியில் இறக்கி, வட்டம் சுற்றி, மூக்கு வீட்டைப் பார்க்க மறுபடியும் மேலே ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். "இவ்வளவு சின்னக் காருக்கு இவ்வளவு வெயிட்டா?" என்றாள் ஒருத்தி. "கல்யாணம் கழிக்கப் பிந்துன பயலுவளுக்க கார் இப்பிடித்தான்" என்றாள் இன்னொருத்தி. இந்தப் பகுதியில் வண்டி தள்ளும் அளவுக்குத் திராணியோடு மிச்சமிருக்கிறவர்கள் அவர்கள்தான்.

அக்கா மறுபடியும் உள்ளே இறங்கினாள். உட்கார்ந்தாள். காலை நீட்டவில்லை.

"இப்பம் என்ன?"

"நேர பாரு" என்றாள்.

பார்த்தேன். முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சுவரில் அப்பாவின் படம். மாலையும் சின்ன பல்புமாக, நேரே காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்து அஞ்சாறு வருஷமாகிறது. கார் வாங்கியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"படத்தைத் திருப்பி வைக்கட்டா?"

"அய்யோ, பாவம், திருப்பாத. ஜன்னலை அடை. போதும்."

அடைத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பின்சக்கரம் இரண்டு, முன்சக்கரம் இரண்டு. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. மிதிங்க, மிதிச்சு. பிடிங்க, பிடிச்சு. விடுங்க, விட்டு. குமிழி குறைந்தது, நின்றது, தேன் நிறத்தில் சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. நடுநடுவே அக்கா, பிஜிக்கு அங்கே நைட் டியூட்டி என்பதையும், அவள் அனுப்பிய மிக்சி சத்தம் போடுவதையும், கோழி முட்டை விடுவதை நிறுத்திவிட்டதையும் சொன்னாள். நான் அடியில் கிடந்தபடி உம் கொட்டினேன்.

பெடல் கல் மாதிரி நின்றது. நாலு சக்கரமும் சரி. நான் எழுந்துகொள்ளவில்லை.

"அக்கா, இன்னொரு ரவுண்டு எடுக்கணும்" என்றேன்.

"எடு" என்றாள். "எனக்கு என்ன சோலி?"

மண்வெட்டிச் சத்தம் இடவழியில் கேட்டுக்கொண்டிருந்தது. தொழிலுறுதியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. இல்லாத காற்றை நாங்கள் இன்னொரு முறை முழுவதுமாக எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே கிளம்பினேன். ஸ்டுடியோவில் லீவு. பைபாஸில் வண்டி நன்றாக ஓடியது. பிரேக் நுனிக் காலுக்கு நின்றது. பக்கத்து சீட்டை முந்தின நாளே துடைத்து வைத்திருந்தேன், அதில் பல்லி முட்டை இருந்ததால். முதலில் வினீத் எப்படி இருக்கிறான் என்று கேட்க வேண்டும், அப்புறம் ஜெனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் பெண்ணைப் பற்றி என்று ஒரு வரிசை மனசில் வைத்திருந்தேன்.

ஏர்போர்ட் வாசலில் ஒரு டிராவலர் வேன் நின்றது. ஜிஜினின் ஊர் குளத்தூரிலிருந்து வந்தது. ஜிஜினின் அப்பா ராஜன் மாமா, அம்மா ஷைலஜா மாமி, அத்தைமார், சித்திமார், அவர்களின் பிள்ளைகள், பெண் வீட்டு அண்ணன் ஒருவர். டிராவலரில் டிரைவர் சீட்டைத் தவிர ஒரே ஒரு சீட் காலி. அது ஜிஜினுக்கு.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்தால் அவனைக் கூப்பிட வீடே கிளம்பிப் போகும். டிராவலர் பிடிக்காமல் போனால் அவனுக்கு வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஜெனிலை அனுப்பும்போது இதேபோல் ஒரு வேனில் கடைசி சீட்டில் மடக்கி உட்கார்ந்து போனவன் நான். கட்டைவிரலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஷைஜு, நீ எதுக்கு மக்கா இதுல வந்தே?" என்றார் ராஜன் மாமா. "சொல்லியிருந்தா வண்டியில ஒரு ஓரத்துல இருந்திருக்கலாம்லா."

"சும்மா, ஒரு ஓட்டம் பாக்க வந்தேன் மாமா" என்றேன்.

ஜிஜின் வந்தான். உடம்பு வைத்திருந்தான். தள்ளுவண்டியில் மூன்று பெரிய அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் அவன் பெயர். எல்லாரும் முறைவைத்துக் கட்டிப்பிடித்தார்கள். ஷைலஜா மாமி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்தபடி அவனைத் திட்டினாள், மெலிந்துவிட்டான் என்று. பிறகு அத்தையிடம் பேசினாள், டிரைவரிடம் பேசினாள், பெண் வீட்டு அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். சட்டைக் கையை மட்டும் விடவில்லை.

அவன் தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

"எலே, இது இன்னும் சாவலியா?"

"சாவல."

வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். மாமியும் கூடவே வந்து கதவருகே நின்றாள், கை சட்டையில்தான். பெண் வீட்டு அண்ணன் போட்டோ எடுத்தார். ஜிஜின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமலே சிரிக்காமல் இருந்தான்.

"அம்மா, நான் இவனுக்க கூட..." என்று ஆரம்பித்தான்.

"அதுல ஏசி உண்டா?" என்று கேட்டார் ஒரு அத்தை.

"இல்ல" என்றேன். "மேல கூரையும் ஒரு மாதிரியாக்கும்."

ஷைலஜா மாமி மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போ என்று சொல்லத்தான் அவள் நினைத்திருப்பாள். கை கொஞ்சம் தளரவும் செய்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்தச் சட்டை இந்த ஊரில் இல்லை. என் அம்மா பெங்களூரில் இருந்து வந்தால் நான் எந்த வண்டியில் அவளோடு வருவேன் என்று ஒருகணம் நினைத்துப் பார்த்தேன். அவள் வருவதாக இல்லை, ஆனாலும் நினைத்துப் பார்த்தேன்.

"நீ வேன்ல போ மக்கா" என்றேன். "வேன்ல பெட்டி எல்லாம் கொள்ளாது. ஒண்ணை இங்க வையி, நான் கொண்டுவாறேன்."

"அதும் செரிதான்" என்றான் ஜிஜின். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான். அது அவனுக்கும் தெரிந்தது. அதனால் பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் அவனே தூக்கி வந்து சீட்டில் வைத்தான்.

டிராவலர் முன்னால் போனது. நான் பெட்டிக்கு பெல்ட் போட்டேன். உள்ளே கண்ணாடிச் சாமான் உண்டு என்று சித்தி சொல்லியிருந்தாள்.

திருவல்லம் தாண்டியதும் டிராவலர் கண்ணில் இருந்து மறைந்தது. உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே ஒரு குழந்தையின் கை வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது, கடைசியாக அதுதான் தெரிந்தது. வெயில் ஏறியது. வளைவில் பெட்டி மெல்லச் சரிந்து என் தோளில் சாய்ந்தது. இடது கையால் கியர் போடக் கஷ்டமாக இருந்தது. நேராக்கினேன். அடுத்த வளைவில் மறுபடியும் சாய்ந்தது. அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். முக்கோலை தாண்டும்போது, "வினீத்துக்கு என்னவாம்?" என்று வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன். கேள்வி ஒன்றும் மோசமாக இல்லை. காஞ்சிரங்குளம் வரும்வரை அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நானே சொல்லி முடித்தேன்.

குளத்தூரில் ஜிஜின் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது அவர்கள் வந்து வெகுநேரமாகியிருந்தது. பந்தல்காரர்கள் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வந்து, "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை இறக்கிக்கொண்டு போனார்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் சாப்பிட வைப்பார்கள்.

ஜிஜின் உள்ளே இருந்து வந்தான். அதற்குள் வேட்டி கட்டியிருந்தான். என் கார் ஜன்னல் அவன் இடுப்புக்குக் கீழே இருந்ததால், கதவைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் குந்தி உட்கார்ந்தான். முகம் இப்போது என் முகத்துக்கு நேரே வந்தது.

"சாப்பிட்டுட்டுப் போ."

"ஸ்டுடியோவுக்குப் போணும்."

அவன் காருக்குள் கண்ணை ஓட்டினான். கூரைத் தையலைப் பார்த்தான். ஆக்சிலேட்டர் பக்கம் பார்த்தான். அப்புறம், "பிரேக் உண்டா?" என்று கேட்டான்.

"உண்டு. சீல் போயிருந்து. இந்த வாரம் மாத்துனேன்."

பிரேக் பெடலைப் பார்த்தான். உள்ளே இருந்து யாரோ ஜிஜினே என்று கூப்பிட்டார்கள்.

"அப்பம் ஆரு மிதிச்சது?" என்றான்.

காலையிலிருந்து வண்டியைப் பற்றி என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். மைலேஜ் என்ன, ஏசி உண்டா, விற்பாயா. இதை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் மொத்தம் மூன்று பேர்.

"ஓமனக்குட்டி அக்கா" என்றேன்.

அவன் சிரித்தான். "அவியளா? பிடிச்சாவளா?"

"முதல்ல பிடிக்கல. பாலையன் மாமா வரும்போ எல்லாம் காலை எடுத்துட்டாவ."

"நேர எதிர வந்தாரு, இல்லியா? சும்மா சொல்லப்படாது, அவிய எடுக்கத்தானே செய்வாவ" என்று சொல்லிக்கொண்டே அவன் சிரித்தான், கதவில் நெற்றியை வைத்துச் சிரித்தான். நான் ஜன்னலை அடைத்ததையும் சொன்னேன். அப்பா படத்தைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாவம்" என்றான். அப்பாவைச் சொன்னானா என்னைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஷைலஜா மாமியின் குரல்.

"ஒரு நாள் வாறேன் மக்கா" என்றான். "கல்யாணத்துக்கு முன்ன. நம்ம ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு."

"செரி."

வரமாட்டான். இரண்டு பேருக்கும் தெரியும். அவன் எழுந்து வேட்டியை உதறிவிட்டு, கூரைத் துணியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

"தம்பி, காரைக் கொஞ்சம் மாத்துங்க" என்றார் டிராவலர் டிரைவர். அவருக்கு அடுத்த ஓட்டம், இன்னொரு வீட்டாரோடு மறுபடியும் ஏர்போர்ட். நான் பின்னால் எடுத்து, பந்தல் கம்புகளுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒதுங்கி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போகிற வழியில் கை காட்டினார். நானும் காட்டினேன்.